அன்றைக்கு வராத நோயாளி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியை எடுத்துக்கொண்டு தைப்பிங்குக்குத் திரும்பினாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை புதன்கிழமை காலையில்தான். அதுவும் ரொட்டிக்காரரிடம். "ரெண்டு வேணாம் அண்ணே, ஒன்னு போதும்" என்றேன். சொன்ன பிறகுதான் என் குரலே எனக்குக் கேட்டது. இதை எழுதுவது உன் மனதைக் கலைக்க இல்லை. ஒரு மணி நேரத் தூரத்தில் டாக்டர் வேலையில் இருந்தபோதே மாதம் ஒருமுறைதான் வந்தாய், இப்போது கடல் தாண்டிப் போகிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு அதன்மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன்.

பெட்டியை இறக்க ஏணியின் கீழே பிடித்துக்கொண்டு நின்றேனே, அப்போது எனக்கு மூச்சு வாங்கியது. நீ திரும்பிப் பார்த்தாய். "என்னம்மா, இதுக்கே இப்படி மூச்சு வாங்குது? உக்காருங்க, நெஞ்சு கேட்டுப் பாக்குறேன்" என்று காரிலிருந்து நெஞ்சு கேட்கும் குழாயை எடுக்கப் போனாய். நான் உன்னை விரட்டிவிட்டேன். "வயசாச்சுலா, வேற என்ன. மழை புடிச்சுக்கிறதுக்கு முன்ன கெளம்பு, தைப்பிங் ரோட்ல தண்ணி ஏறிக்கும்" என்றேன். நீயும் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாய். எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் கேட்ட நெஞ்சை நீ கேட்க நான் விடவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கோபம் வந்தால் வரட்டும், பாதியில் மட்டும் மடித்து வைத்துவிடாதே.

அடுத்த மாதம் ஸ்காட்லாந்தில் பெரிய டாக்டர் படிப்புக்கு நீ எழுதப்போவது எழுத்துப் பரீட்சை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். கட்டிலில் ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பார். நீ அவருடைய கையைப் பார்ப்பாய், நகத்தைப் பார்ப்பாய், கண்ணிமையை இழுத்துப் பார்ப்பாய். தொண்டைக் குழியில் விரலை வைத்து மூச்சுக்குழல் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் இழுத்திருக்கிறதா என்று பார்ப்பாய். மார்பில் இரண்டு கைகளையும் விரித்து வைத்து இழுத்து மூச்சு விடச் சொல்வாய். தட்டுவாய். குழாயை வைத்துத் தொண்ணூற்றொன்பது சொல்லச் சொல்வாய். மணி அடிப்பார்கள். பரீட்சை வைக்கும் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு, "சொல்லு, என்ன கண்டுபிடித்தாய்?" என்பார். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைக்கிறாய். தம்பி, அந்தக் கட்டிலில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவள் நான்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். நாம் லகாட் ஊருக்கு உள்ளே ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, உனக்கு நாலு வயது, எனக்கு இருமலில் ரத்தம் வந்தது. காலையில் நிரையில் நின்று மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். பால் வாளிக்குள் இருமி, பாலோடு சிவப்பாய் விழுந்ததைப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. அன்றைய பாலை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டு, கால் தடுக்கிக் கொட்டிவிட்டது என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் பொய் சொல்லி ஏச்சு வாங்கினேன். இந்த நோயில் நான் சொன்ன முதல் பொய் அதுதான். பெரிய பொய்யைச் சொன்னது உன் அப்பா. எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளி ஒரு பெண்ணுக்கு டிபி என்று தெரிந்ததும் நடந்ததை நாங்கள் இருவரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். அவள் தண்ணீர் பிடித்த பிறகு குழாயைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். அவள் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் உள்ளே சேர்க்காமல் வாசலிலேயே உட்காரவைத்தார்கள். அந்தப் பிள்ளை ஈரச் சிமெண்டில் உட்கார்ந்துகொண்டு உள்ளே மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். உன் அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

"கேமரன் மலையில ஒரு தொர வீட்டுல புள்ள பாக்க ஆள் கேட்டாங்க, அனுப்பியிருக்கேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் பஸ் ஏற்றிவிட்டு வந்ததாகக்கூடச் சொன்னார், அந்த அளவுக்குச் சோடித்தார். நான் போனது மலைக்கு இல்லை. ஈப்போ ஆஸ்பத்திரிக்கு. அங்கே நெஞ்சு நோய் வார்டில் ஒன்றரை வருடம் ஊசியும் மாத்திரையும். அப்படியும் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி அரித்துப்போய் ரத்தம் நிற்கவில்லை என்று, அதை வெட்டி எடுத்தார்கள். முதுகில் தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் தொடங்கி, அதைச் சுற்றி இறங்கி, கைக்கு அடியால் வந்து மார்புக்குக் கீழே முடியும் தழும்பு. என் கைக்கு ஒன்றரை சாண். எல்லாம் சேர்த்து இரண்டு வருடம்.

பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஒருமுறை உன் அப்பா உன்னைச் சைக்கிளில் வைத்து ஈப்போவுக்குக் கூட்டி வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடையில் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். நான் மாடி வராந்தாவில் நின்று பார்த்தேன். நீ சிவப்புச் சாறு வடிய வடியச் சாப்பிட்டாய். சட்டையெல்லாம் ஆக்கிக்கொண்டாய். அப்பா உன் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார், கையை ஆட்டவில்லை, ஆட்டினால் நீ திரும்பிவிடுவாய் என்று. நீ ஒரு தரம்கூட மேலே பார்க்கவில்லை. நீ ஏன் பார்க்கப்போகிறாய். உன் அம்மா மலையில் அல்லவா இருந்தாள்.

நான் திரும்பி வந்தபோது நீ சின்னம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். என் தங்கையை அம்மா என்று கூப்பிட்டாய். அவள் பாவம், "டேய், அது யாருன்னு பாரு, ஒங்கம்மாடா" என்று உன்னை முன்னால் தள்ளினாள். நீ என் கையைப் பார்த்துவிட்டு, "மலையிலேருந்து ஸ்ட்ராபெரி கொண்டாந்தீங்களா?" என்று கேட்டாய். நான் கொண்டு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஆரஞ்சுப் பழம் இருந்தது. அதைக் கொடுத்தேன். நீ வாங்கிக்கொண்டாய், அதற்குமேல் கிட்டே வரவில்லை.

பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், நாம் ஈப்போவில் இந்தப் புந்தோங்குக்கு வந்தோம், அப்பாவும் போய்விட்டார். நான் ரவிக்கை தைக்க உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் முதுகு இறக்கித் தைத்தவள் எனக்கு மட்டும் கழுத்து வரைக்கும் ஏற்றித் தைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா, "தையக்காரி ரவிக்கையே இப்படியா? துணி மிச்சமாயிருச்சோ?" என்று கிண்டல் பண்ணுவாள். நானும் சிரித்து வைப்பேன். அப்பா இருக்கும்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். இப்போது சொல்வோம், பிறகு சொல்வோம் என்று தள்ளிப்போட்டோம். முதலில் நீ சின்னப் பிள்ளை, வெளியே உளறிவிடுவாய் என்றோம். அப்புறம் உன் படிப்பு. அப்புறம் நாளைக்கு உனக்குப் பெண் பார்க்கும்போது டிபி குடும்பம் என்று பேச்சு வரும் என்ற பயம். அப்பா சொன்ன பொய்யை அவர் போன பிறகும் நான் சோறு போட்டு வளர்த்தேன்.

நீ பள்ளிக்கூடத்தின் கடைசியில் ஆறாம் பாரம் படிக்கும்போது ஒருநாள் சண்டை போட்டோம், நினைவிருக்கிறதா? எதற்கென்றுகூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை, ஏதோ நீ வெளியே போவது பற்றி. நீ சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது. "நீங்க வெள்ளக்காரன் புள்ளைய வளக்கப் போனவங்கதானே. இப்ப வந்து என்னை வளக்குறீங்களாக்கும்?" நான் அப்போது யாரோ ஒருத்தியின் பட்டு ரவிக்கைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கையை எடுக்க மறந்துவிட்டேன், துணி கருகியது. அந்த நிமிடமே திரும்பி நின்று முதுகைக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. எனக்கு ரோஷம். இவ்வளவு கேட்டுவிட்டவனுக்கு நான் எதற்கு அத்தாட்சி காட்டவேண்டும் என்று நினைத்தேன். அப்படியே நீ மருத்துவம் படிக்கக் கோலாலம்பூருக்குப் போய்விட்டாய்.

இனி பரீட்சைக்கு வருகிறேன். வருடத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம் எடுக்க நான் ஆஸ்பத்திரிக்குப் போவது உனக்குத் தெரியாது. எழுபதுகளின் நடுவில் ஒரு தடவை அங்கே இருந்த சீன டாக்டரம்மா கேட்டார்: "மக்சிக், கோலாலம்பூரிலிருந்து டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்குப் பழக்கப் பரீட்சை வைக்கிறோம், வந்து உட்காருவீர்களா?" அத்தையைக் கூப்பிடுகிற மாதிரி மக்சிக் என்று, மலாயில்தான் கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த டாக்டரம்மா என் உயிர் மேல் அக்கறை வைத்தவர், மறுக்க முடியவில்லை. ஒரே ஒரு சட்டம்தான். என்ன நோய், என்ன ஆப்பரேஷன் என்று நோயாளி வாயைத் திறக்கக்கூடாது. எனக்கு அது ஒரு கஷ்டமா? பத்து வருடம் பழகிய வேலை.

முதல் தடவை முதுகுப்பக்கம் கட்டிய ஆஸ்பத்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது உடம்பெல்லாம் கூசியது. பிறகு பழகியது. பிறகு, இதைச் சொல்ல ஒரு மாதிரி இருக்கிறது, அந்த நாளுக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். உன்னைவிடக் கொஞ்சம் மூத்த பிள்ளைகள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் வேர்வை. "செம்பிலான் புலோ செம்பிலான்" சொல்லச் சொல்வார்கள் மலாய்ப் பிள்ளைகள். நம் பிள்ளைகள் என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தொம்போது சொல்லுங்கம்மா" என்பார்கள். சிலர் கை பனிக்கட்டி. நல்ல பிள்ளைகள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடுவார்கள். வருடம் முழுக்க என்னைத் தொடுவதற்கு யாரும் இல்லாத வீட்டிலிருந்து போனவள் தம்பி நான். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து விடுவேன்.

பார்த்துப் பார்த்து எனக்கே தெரிந்துவிட்டது, யார் தேறுவார்கள், யார் கவிழ்வார்கள் என்று. முன்பக்கமே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறவன் கவிழ்வான். வலது பக்கம் கீழே தட்டினால் மந்தமாகக் கேட்கும், மூச்சுச் சத்தம் குறைவாக இருக்கும். உடனே "நீர் கோத்திருக்கிறது" என்பான். எழுந்து சுற்றி வந்து முதுகைப் பார்க்கிறவன் ஒரு நொடி நிற்பான். அந்த நிறுத்தம் என் முதுகுக்குத் தெரியும். நீர் கோத்திருந்தால் மூச்சுக்குழலை மறுபக்கம் தள்ளும், எனக்கோ நோயுள்ள பக்கமே இழுத்திருக்கிறது, அப்படியென்றால் எடுத்திருக்கிறார்கள் என்று அவன் சேர்த்துச் சொல்வான். டாக்டரம்மா தலையை ஆட்டுவார். ஒரு வருடம் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வந்தாள், முன்பக்கத்தை விட்டு நகரவே இல்லை. மணி அடிக்கப்போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. இருமல் வந்தது போல் இருமி, குனிந்து, முதுகை அவள் பக்கம் திருப்பிவிட்டேன். பார்த்துவிட்டாள். டாக்டரம்மா என்னிடம் பிறகு சிரித்துக்கொண்டே, "மக்சிக் ஹரி இனி பாஞாக் பாத்தோக்" என்றார், இன்றைக்கு உங்களுக்கு இருமல் அதிகம் என்று. யார் பெற்ற பிள்ளைக்கோ இருமத் தெரிந்தது எனக்கு.

உன் கடைசி வருடத்தில் அந்தப் பழக்கப் பரீட்சைக்கு முந்தின நாள், படம் எடுத்த ரசீதைக் கொடுக்கப் போனேன். அங்கே நர்ஸாக இருந்த தமிழ் மிஸ்ஸி, அவளுக்கு எல்லாப் பேரும் மனப்பாடம், "அக்கா, இந்தத் தடவ நம்ம புள்ளைங்க நாலு பேரு. அதுல ஒருத்தன் இங்கன புந்தோங்கு பையன், சந்திரன்னு பேரு. நல்லா பாத்துக்குங்க" என்றாள். என் பிள்ளை என்று அவளுக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி போன் பண்ணச் சொன்னேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. மார்க்கெட்டுக்குப் போய் நெத்திலி வாங்கி வந்தேன்.

நீ மத்தியானம் சாப்பிட வந்தாய். நெத்திலிச் சம்பலைப் பார்த்துச் சிரித்தாய். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "இன்னைக்கு ஒரு பேஷண்ட் வரலைம்மா. நுரையீரல் ஆப்பரேஷன் பண்ண ஒரு அம்மாவாம். டாக்டருக்கு ரொம்ப வருத்தம். எத்தனையோ வருஷமா ஒரு தடவகூட வராம இருந்ததில்லையாம். அவங்க மாதிரி கேஸ் இங்க கிடையாதுன்னாங்க. எங்களுக்குக் குடுத்து வைக்கலை."

நான் உனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

நாலு மாதம் கழித்துக் கோலாலம்பூரில் உன் கடைசிப் பரீட்சை. பஸ்ஸை விட்டு இறங்கி வந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மேசைமுன் உட்கார்ந்ததும் சொன்னாய். "நெஞ்சு கேஸ்மா. வலது பக்கம். தண்ணின்னு சொல்லிட்டேன். 'முதுகைப் பார்த்தியா'ன்னு கேட்டாரு. பாக்கலை. இவ்ளோ பெரிய தழும்பு. ஒரே ஒரு தடவ அந்த மாதிரி ஒரு ஆள முன்னாடி பார்த்திருந்தா விட்டிருக்க மாட்டேன்." மேசைமேல் தலையை வைத்துக்கொண்டாய். உன் எதிரில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், கழுத்து வரைக்கும் ஏற்றித் தைத்த ரவிக்கையோடு நான் உட்கார்ந்திருந்தேன். "அடுத்த தடவ பாத்துக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். போய் என்ன செய்தேன் தெரியுமா? கழுவிய தட்டையே திரும்பக் கழுவினேன்.

ஆறு மாதம் கழித்து நீ தேறிவிட்டாய். எல்லோரும் மறந்துவிட்டார்கள், நீயும் மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. உன்னைத் தோற்கடித்தது அந்த டாக்டரும் இல்லை, உன் அவசரமும் இல்லை, நான்தான். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் என் முதுகில் படித்துக்கொண்டு போனார்கள், என் வயிற்றில் பிறந்தவனுக்கு மட்டும் நான் காய்ச்சல் என்று கதவைச் சாத்தினேன். என்னைப் பார்த்துவிட்டால் ஆப்பரேஷனோடு நீ நிற்கமாட்டாய். எப்போது செய்தது என்று கணக்குப் போடுவாய். உனக்கு நாலு வயதில் தொடங்கும் அந்தக் கணக்கு. மலையும் இல்லை, துரை வீடும் இல்லை, ஸ்ட்ராபெரியும் இல்லை என்று தெரிந்துவிடும். இத்தனை வருடம் நீ என்மேல் வைத்திருந்த கோபம் பொய்க்கு வைத்த கோபம் என்று தெரிந்தால் நீ என்ன ஆவாய் என்று பயந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. நீ திட்டுவாய் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

உனக்குப் புத்தி சொல்கிற வயதை நான் தாண்டிவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் குளிர் ஊரில் உன் முன்னால் உட்காரும் ஆள், யாராக இருந்தாலும், எதையாவது மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். சட்டத்துக்காக மறைப்பார், வெட்கத்துக்காக மறைப்பார், பெற்ற பிள்ளைக்காகவும் மறைப்பார். கேட்டால் சொல்லமாட்டார். நீதான் எழுந்து சுற்றிப் போகவேண்டும். முடிந்ததும் அவர் சட்டையை இழுத்து மூடிவிடு. நிறையப் பிள்ளைகள் அதை மறந்துவிட்டு ஓடுவார்கள். முதுகு திறந்தபடி உட்கார்ந்திருப்பது என்ன மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீ போவதற்கு முன்னால் இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வா. குழாயைக் காரிலேயே விட்டுவிடாமல் உள்ளே கொண்டுவா. பின்பக்கம் கொக்கி வைத்து எனக்கு ஒரு ரவிக்கை தைத்து வைத்திருக்கிறேன், இருபது வருடத்தில் முதல் தடவை. முன் அறையில் வெளிச்சம் நன்றாக வரும், நாற்காலியை அங்கே போடுகிறேன். நான் எதுவும் பேசமாட்டேன், அதுதான் சட்டம். உன் கை சின்ன வயதிலிருந்தே சில்லென்றுதான் இருக்கும், தேய்த்துச் சூடாக்கிக்கொள். முன்னாலிருந்து தொடங்காதே. பின்னால் வந்து நின்று, கொக்கிகளை நீயே கழற்று. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார். மணி அடிக்க இங்கே யாரும் இல்லை.

அம்மா